எழும்பூருக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

‘மேல்சிகிச்சைக்காக எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறது.’ ஓபி சீட்டில் இப்படி ஒரு வரியைப் பார்த்ததும் பெற்றவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பிள்ளைக்கு ஏதோ பெரிதாக வந்துவிட்டது என்ற பயம் ஒரு பக்கம். அவ்வளவு பெரிய இடத்தில் யாரைப் பார்ப்பது, எந்த வரிசையில் நிற்பது என்ற திகைப்பு இன்னொரு பக்கம். திண்டிவனத்திலிருந்தோ திருத்தணியிலிருந்தோ வருகிறவர்களுக்கு மட்டும் இல்லை, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இந்தத் திகைப்பு உண்டு. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஒரு பெரிய குழந்தைகள் மருத்துவமனை எப்படி இயங்குகிறது, ‘ஸ்பெஷாலிட்டி’ என்று சொல்கிறார்களே அதில் என்ன நடக்கிறது என்பதை முதன்முறையாகக் கேட்பவருக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனையின் பலத்தைப் பெரிய இயந்திரங்களிலும் பெரிய ஆபரேஷன்களிலும் மட்டும் தேட வேண்டாம். ஒரு குழந்தையை மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருடக்கணக்கில், விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதற்கான ஏற்பாடு அங்கே இருக்கிறது. அதுதான் அதன் உயிர். அந்த ஏற்பாட்டில் பாதி வேலை டாக்டர்களுடையது, மீதிப் பாதி நம்முடையது.

குழந்தைக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி?

3 கிலோ எடையுள்ள பச்சிளம் குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறக்குறைய 240 மில்லிதான். கிலோவுக்கு 80 மில்லி என்பது கணக்கு. வீட்டில் தண்ணீர் குடிக்கிற ஒரு டம்ளர் அளவு. பெரியவர்களுக்கு எடுப்பதுபோல் நாலைந்து குப்பியில் ரத்தம் எடுத்தால், அந்தப் பரிசோதனையே குழந்தைக்கு ரத்தசோகையைக் கொண்டுவந்துவிடும். ஆகவே சில துளிகளை வைத்தே சோதனை செய்கிற லேப் வேண்டும். பிரஷர் பார்க்கும் பட்டை முதல் மூச்சுக்குழாயில் விடும் டியூப் வரை எல்லாவற்றிலும் பல சைஸ்கள் வேண்டும். 1 கிலோகூட இல்லாத குழந்தையின் புறங்கையில் நரம்பைக் கண்டுபிடித்து ஊசி ஏற்றத் தெரிந்த நர்ஸ் வேண்டும். இந்தக் கைப்பழக்கம் தினமும் குழந்தைகளையே பார்க்கும் இடத்தில்தான் வரும்.

மருந்தின் அளவும் அப்படித்தான். பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரு மாத்திரை. குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை என்று கணக்கிடுவார்கள். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். இதே மருந்து கடையில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பாகவும் கிடைக்கிறது, 5 மில்லிக்கு 250 உள்ள சிரப்பாகவும் கிடைக்கிறது, 1 மில்லிக்கே 100 உள்ள சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. அந்த 150 மில்லிகிராமுக்கு முதல் பாட்டிலில் சுமார் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. பாட்டிலை மாற்றிவிட்டு அளவை மாற்றாமல் ஊற்றினால் மருந்து பல மடங்கு ஏறிவிடும், அது கல்லீரலைப் பாதிக்கும். ஓபியில் சீட்டு வாங்கியதும் முதலில் குழந்தையைத் தராசில் நிறுத்துவது இதற்காகத்தான். எடை எழுதாத சீட்டோடு டாக்டர் அறைக்குள் போகாதீர்கள். நீங்களே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் மேலாக, எங்கே வலிக்கிறது என்று கைக்குழந்தையால் சொல்ல முடியாது. அழுகையையும் பால் குடிக்கும் விதத்தையும் மூச்சையும் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். பிறவியிலேயே வரும் இதயக் கோளாறு, குடல் அடைப்பு, வளர்சிதை மாற்றக் கோளாறு போன்றவற்றை ஒரு பொது மருத்துவர் தன் வாழ்நாளில் சில முறை பார்த்திருக்கலாம். குழந்தைகளுக்கென்றே உள்ள பெரிய மருத்துவமனையில் அவை வழக்கமாக வந்துகொண்டிருக்கும்.

எழும்பூர் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவம் படிப்படியாக அமைந்திருக்கிறது. கீழே ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மேலே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சளி, காய்ச்சல், தடுப்பூசி, சாதாரண வயிற்றுப்போக்கு எல்லாம் கீழ்ப்படியிலேயே முடிய வேண்டியவை. அங்கே முடியாததுதான் மேலே போகும்.

எழும்பூர் ஹால்ஸ் சாலையில் இருக்கும் குழந்தைகள் நல நிலையமும் மருத்துவமனையும் இந்த ஏணியின் உச்சிப்படி. எல்லோரும் ஐசிஎச் என்பார்கள். குழந்தை மருத்துவத்தை இங்கே தனித் துறையாக வளர்த்த முன்னோடிகளில் ஒருவரான எஸ். டி. ஆச்சாரின் முயற்சியில் உருவாகி, 1968 முதல் தனி மருத்துவமனையாக இயங்குகிறது. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. 1844இல் தொடங்கிய எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையும் இதே கல்லூரியைச் சேர்ந்ததுதான். இரண்டும் வேறு வேறு இடம் என்பதை ஆட்டோவில் ஏறும்போதே சொல்லிவிட்டால் அலைச்சல் மிச்சம். இவை தவிர ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. தனியார் தரப்பில், 1978இல் தொடங்கிய நுங்கம்பாக்கம் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை குழந்தைகளுக்கென்றே நடக்கிறது.

‘கல்லூரி மருத்துவமனை’ என்றால் நம் பிள்ளையை வைத்துப் படிக்கிறார்களா?

இந்தக் கேள்வியைப் பலர் மனசுக்குள் வைத்துக்கொண்டு தயங்குகிறார்கள். நேராகவே பதில் சொல்லலாம். ஆமாம், அங்கே படிப்பும் நடக்கிறது. அதனால் குழந்தைக்கு நஷ்டத்தைவிட லாபமே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

வார்டில் முதலில் வருபவர் ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்பிபிஎஸ் முடித்துப் பயிற்சியில் இருப்பவர். அடுத்து பிஜி. இவர் ஏற்கெனவே டாக்டர். குழந்தை மருத்துவத்தில் மேல்படிப்பு படிக்கிறார். ராத்திரி 2 மணிக்குக் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் முதலில் ஓடி வருபவர் பெரும்பாலும் இவர்தான். அவருக்கு மேலே உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், எல்லோருக்கும் மேலே யூனிட்டின் ‘சீஃப்’. இத்தனை பேரும் சேர்ந்தது ஒரு யூனிட். உங்கள் குழந்தைக்குப் பொறுப்பு அந்த யூனிட்தான். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஓபி நாள் குறித்திருக்கும். சீட்டில் யூனிட் எண்ணைப் பார்த்து, அடுத்த முறை அதே யூனிட்டின் நாளில் வந்தால், குழந்தையைத் தெரிந்தவர்களே மறுபடியும் பார்ப்பார்கள். நாள் மாறி வந்தால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.

கதை என்றதும் ஞாபகம் வருகிறது. ‘ஒரே கேள்வியை நாலு பேர் கேட்கிறாங்க, ஒருத்தருக்கும் விஷயம் தெரியலையா?’ என்று அலுத்துக்கொள்ளாத அம்மாக்களே இல்லை. ஹவுஸ் சர்ஜன் கேட்கிறார், பிஜி கேட்கிறார், ரவுண்ட்ஸில் சீஃப் திரும்பக் கேட்கிறார். இது வேண்டுமென்றே செய்யப்படுவது. முதல்முறை பதற்றத்தில் விட்டுப்போன விஷயம் மூன்றாம்முறை நினைவுக்கு வரும். பிரசவத்தில் குழந்தை உடனே அழுததா, கணவன் மனைவி சொந்தத்தில் திருமணமா, முன்பு ஒரு குழந்தை இப்படி இறந்திருக்கிறதா என்பதெல்லாம் பல நேரம் கடைசியில்தான் வெளிவரும். சொந்தத்தில் திருமணம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் திருமணம் நம் ஊரில் சாதாரணம். சில மரபுவழி நோய்களைச் சந்தேகிக்க அந்த ஒரு தகவலே வழிகாட்டும்.

உங்களுக்கும் உரிமை உண்டு. மாணவர்கள் கூட்டமாகச் சோதிப்பதைக் குழந்தை தாங்கவில்லை என்றால், இப்போது வேண்டாம் என்று பணிவாகச் சொல்லலாம். ஆராய்ச்சிக்காகக் கையெழுத்துக் கேட்டால், ஆராய்ச்சி எது, சிகிச்சை எது என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆராய்ச்சியில் சேர மறுத்தாலும் சிகிச்சை நிற்கக் கூடாது, இது விதி. ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தையும் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அவசரப் பிரிவில் வரிசை கிடையாது

இந்த ஒரு விஷயத்தில் பெரிய சண்டைகள் நடக்கும். நாம் ஒரு மணி நேரமாகக் காத்திருக்க, இப்போது வந்த குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். காஷுவாலிட்டியில் முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்ற முறை இல்லை. மோசமாக இருப்பவருக்குத்தான் முதல் இடம். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென வகுத்த முறையில், வாசலிலேயே மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உடனே உயிர்காக்க வேண்டியவர், முன்னுரிமை தர வேண்டியவர், காத்திருக்கக் கூடியவர். மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, வலிப்பு, உடம்பில் நீர் வற்றியிருப்பது ஆகியவற்றை வைத்து சில நொடிகளில் முடிவெடுப்பார்கள். உங்கள் குழந்தையைக் காக்க வைத்தார்கள் என்றால், அது ஒருவகையில் நல்ல செய்தி. காத்திருக்கும்போது நிலைமை மாறினால் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஓர் அளவுகோல் இருக்கிறது. குழந்தை அழாமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினால், பால் குடிக்கவே முடியாவிட்டால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், கூப்பிட்டாலும் சரியாக விழிக்காவிட்டால் நேரே 108 தான். 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, உடம்பு சில்லிட்டுப் போனாலோ வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம்.

வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பதை இன்னும் பார்க்கிறோம். அதனால் பலன் இல்லை, நேரம்தான் போகும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அது அவசர நிலை.

ஸ்பெஷாலிட்டி என்பது ஒரு டாக்டர் அல்ல

சிறுநீரகம், இதயம், நரம்பு, ரத்தம், புற்றுநோய், ஹார்மோன், குடல்-கல்லீரல், குழந்தை அறுவை சிகிச்சை, பச்சிளம் குழந்தை மருத்துவம் என்று பெயர்ப்பலகைகள் நீளும். ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் ஒரு பெரிய டாக்டர் உட்கார்ந்திருப்பதாக நினைப்போம். உண்மையில் அங்கே இருப்பது ஒரு குழு, எழுதிவைத்த ஒரு சிகிச்சை முறை, குழந்தைகளின் பெயர்கள் அடங்கிய ஒரு பதிவேடு, அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்ற ஒரு கணக்கு. இந்த நான்கும் சேர்ந்தால்தான் அது சிறப்புச் சிகிச்சைத் திட்டம்.

எடுத்துக்காட்டாக, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். 3 வயதுக் குழந்தை காலையில் எழும்போது கண் இமைகள் தடித்திருக்கின்றன. கொசுக்கடி, அலர்ஜி என்று நினைத்துச் சில நாள் போகிறது. பிறகு முகம், கால், வயிறு என வீக்கம் பரவுகிறது, சிறுநீர் நுரைக்கிறது. சிறுநீரக வடிகட்டி வழியாகப் புரதம் ஒழுகுவதால் வரும் வீக்கம் இது. முதல்முறை வந்தால் வழக்கமாக ஸ்டீராய்டு மருந்தை 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களிலேயே வீக்கம் வடிந்துவிடும். ஆபத்து இங்கேதான். வீக்கம் போனதும் நோய் போய்விட்டதென்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதே கெடுதல். அதோடு, இந்த நோய் பெரும்பாலான குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது.

அதனால் சிறுநீரகப் பிரிவில் தாய்க்கே பயிற்சி கொடுக்கிறார்கள். காலையில் முதல் சிறுநீரை ஸ்ட்ரிப்பிலோ மருந்துச் சொட்டு விட்டோ சோதித்து, புரதம் இல்லை, லேசாக, 1+, 2+, 3+, 4+ என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். தொடர்ந்து 3 நாள் 3+ அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். வீக்கம் தெரிவதற்கு முன்பே மருத்துவமனைக்கு வந்துவிடலாம். வீக்கம் இருக்கும் நாட்களில் உப்பைக் குறைக்க உணவு ஆலோசகர் சொல்லித் தருவார். அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் எல்லாம் அப்போது ஒதுங்க வேண்டும். தடுப்பூசி போடும் இடத்தில், குழந்தை ஸ்டீராய்டு எடுக்கிறது என்று கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில வகைத் தடுப்பூசிகளை அப்போது தள்ளிவைப்பார்கள். காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் அதே நாள் வந்து காட்ட வேண்டும். இப்படிக் கவனமாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் பதின்வயதைத் தாண்டுவதற்குள் இதிலிருந்து விடுபட்டுவிடுகிறார்கள். பத்து ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகத்தில் அம்மா தினமும் எழுதும் ஒரு வரிதான் இங்கே பாதி வைத்தியம்.

ரத்தப் புற்றுநோயிலும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகைக்கு மொத்தச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள். முதல் கட்டம் முடிந்ததும் பல குழந்தைகளின் ரத்தத்தில் புற்று அணுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். குழந்தை ஓடியாடும், முடி முளைக்கும். அப்போது, இனி எதற்கு இந்த அலைச்சல் என்று தோன்றும். ஒளிந்திருக்கும் அணுக்களை ஒழிக்கத்தான் மீதிக் காலம் முழுவதும். நடுவில் விட்டால் நோய் திரும்பும், திரும்பியதை அடக்குவது மிகக் கடினம். இது குணமாகக்கூடிய நோய் என்பதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீமோ நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் நள்ளிரவில் வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவு

இந்தப் பிரிவைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் அப்பாக்களுக்கு உள்ளே நடப்பது ஒன்றும் புரியாது. குறைமாதக் குழந்தைக்கு உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, பாலை உறிஞ்சி விழுங்கத் தெரியாது, சில நேரம் மூச்சு விடவே மறந்துபோகும். வார்மர், மூச்சுக்கு உதவும் சிபாப், மூக்கு வழியாகக் குழாயில் தாய்ப்பால் எல்லாம் இவற்றுக்குத்தான். தாயிடம் பால் போதாதபோது, வேறு தாய்மார் தானம் செய்த பாலைப் பரிசோதித்துப் பதப்படுத்தித் தர ஐசிஎச்சில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது.

இவ்வளவு கருவிகளுக்கு நடுவே மிக வலுவான சிகிச்சைகளில் ஒன்றுக்கு மின்சாரமே வேண்டாம். குழந்தையைத் துணியில்லாமல், தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, தாயின் நெஞ்சோடு தோல் படும்படி செங்குத்தாகக் கட்டி வைப்பது. கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோடா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்த யோசனை. இன்று உலக சுகாதார நிறுவனம், குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம், முடிந்தவரை பிறந்ததிலிருந்தே இதைச் செய்யச் சொல்கிறது. அம்மா களைத்தால் அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். ‘ஆம்பிளை எப்படி’ என்று கூச்சப்படும் அப்பாக்களுக்கு நர்ஸ்களே சொல்லித் தருவார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் மிக முக்கியமான வேலை தொடங்குகிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, ஆர்ஓபி என்ற விழித்திரைக் கோளாறு இருக்கிறதா என்று பிறந்த 4 வாரத்துக்குள் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. வெளியிலிருந்து கண் அழகாகவே இருக்கும். ஒரு தேதியைத் தவறவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் முதலிய சிகிச்சையால் காப்பாற்றலாம். காதுக்கும் ஒரு கணக்கு உண்டு: 1 மாதத்துக்குள் கேட்கும் திறன் சோதனை, குறை இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். பேச்சு மெதுவாக வரும், அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சில் போகும் மாதங்கள் திரும்பி வராது.

மஞ்சள் காமாலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு வரும், போகும். 2 வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சாக்பீஸ் போல வெளுத்துப் போனால், இளவெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. பித்தநாளம் அடைத்திருக்கலாம். அதற்கான கசாய் என்ற அறுவை சிகிச்சை, பிறந்து 60 நாளுக்குள் செய்தால் நன்றாகப் பலன் தரும். டயப்பரைச் சுருட்டி எறிவதற்கு முன் மலத்தின் நிறத்தைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்ற பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறவி இதயக் கோளாறு ஏறக்குறைய 100 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, விட்டுவிட்டுக் குடிப்பது, எடை ஏறாதது, உதடு நீலமாவது இதன் அடையாளங்கள். தலசீமியா, அதாவது உடம்பில் ரத்தம் சரியாக உற்பத்தியாகாத மரபுவழி நோய் உள்ள குழந்தைகள், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வருவார்கள். அப்படி ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தையும் விடாமல் எடுக்க வேண்டும். பிறவியில் பாதம் உள்வளைந்திருந்தால், பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டே பெரும்பாலும் சரிசெய்கிறார்கள். பிறகு 4, 5 வயது வரை தூங்கும்போது சிறப்புக் காலணி போட வேண்டும். குழந்தை அழுகிறதே என்று அதைக் கழற்றி வைத்தால் பாதம் திரும்பவும் வளையும். மிக அரிதான மரபணு நோய்களுக்கு 2021ஆம் ஆண்டின் தேசியக் கொள்கைப்படி அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் ஐசிஎச்சும் ஒன்று. அத்தகைய மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை ஒன்றிய அரசின் உதவி பெற வழி இருக்கிறது.

செலவும் அலைச்சலும்

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். பெரிய ஆபரேஷன்களும் சில விலையுயர்ந்த சிகிச்சைகளும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் நடக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். காது கேளாத 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான காக்ளியர் இம்பிளான்ட்டும் இதில் உண்டு. ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் ஏறவில்லை என்பதால் கடைசி நேரத்தில் தடுமாறும் குடும்பங்கள் ஏராளம். பிறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும் முதல் வேலையாகப் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் நீங்களாகவே நோயைக் கண்டுபிடித்து ஓட வேண்டும் என்பதும் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து, 18 வயது வரை பிறவிக் குறை, நோய், ஊட்டச்சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கின்றன. அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டு மேல்சிகிச்சைக்கான வாசல். புத்தகப் பைக்குள் கசங்கிக் கிடக்க விடக் கூடாது.

வீட்டில் ஒரு பைல் போடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, லேப் ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் நோயின் பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து, இப்போது கொடுக்கும் மருந்து, யூனிட் எண், அடுத்த தேதி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். டாக்டரிடம் கேட்க நினைப்பதையும் முந்தின இரவே எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனால் மறந்துவிடும், அதில் யாரும் விதிவிலக்கில்லை.

பெற்றோர் எதிர்பார்க்காத ஒரு திருப்பம் 12 வயதில் வரும். அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பொதுவாக அந்த வயதோடு முடிகிறது, அதன் பிறகு பெரியவர்கள் பார்க்கும் துறைக்கு மாற வேண்டும். பத்து வருடமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நர்ஸையும் டாக்டரையும் விட்டுப் புதிய இடம் போவது பிள்ளைக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். இந்த இடைவெளியில் இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. 10 வயதிலிருந்தே தன் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் அவர்களையே சொல்ல வையுங்கள். டாக்டர் கேட்கும்போது நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருப்போம். மாற்றுவதற்கு முந்தைய விசிட்டில், இதுவரை நடந்ததையெல்லாம் தொகுத்து ஒரு முழு சம்மரி எழுதித் தரும்படி யூனிட்டில் கேளுங்கள். புதிய துறையில் ஒரு டாக்டர் பார்த்து அடுத்த தேதி எழுதிக் கொடுக்கும் வரை, பழைய யூனிட்டின் தேதியையும் விட்டுவிடாதீர்கள்.